தொடக்கப் பள்ளியில் அறிவியலைக் குழந்தைகளின் கையால் செய்ய வைப்பது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டு அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் 3, 4, 5 வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கப் புதிதாக வந்திருக்கிறீர்களா? ஆய்வகம் இருக்காது. தனி அறையும் இருக்காது. பல இடங்களில் மூன்று வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். அப்படியே இருக்கட்டும். ஓர் அட்டைப் பெட்டியும் ஏறக்குறைய எழுநூறு ரூபாயும் இருந்தால் ஆண்டு முழுக்கச் சோதனை நடத்தலாம். ஆனால் எங்கெங்கே தடுக்கி விழுவோம் என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கே வந்து அறிவியல் சோதனை செய்துகாட்டும் அரசுத் திட்டமான 'வானவில் மன்றம்' 6 முதல் 8 வகுப்புகளுக்கானது. கருத்தாளர் வருவார், பொருள் வரும் என்று தொடக்கப் பள்ளியில் காத்திருந்தால் ஜூன் போய் டிசம்பர் வந்துவிடும்.

1. பருவத்துக்கு மூன்று சோதனை போதும்

பாடப்புத்தகத்தில் உள்ள எல்லாச் செயல்பாட்டையும் செய்யப் போனால் ஒன்றும் உருப்படியாக முடியாது. பருவத்துக்கு மூன்று, ஆண்டுக்கு ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் அடுத்தடுத்து இரண்டு பாடவேளை, அதாவது சுமார் 80 நிமிடம் வேண்டும். 40 நிமிடத்துக்குள் அடைக்கப் பார்த்தால் பொருளைக் கொடுத்து வாங்குவதிலேயே நேரம் போய்விடும்.

எந்தச் சோதனையை எப்போது என்பதை வானிலை பார்த்துத் தீர்மானியுங்கள். வெயில் தேவைப்படும் நிழல் வேலை ஜூலையில் ஒரு தடவை, டிசம்பரில் வானம் தெளிந்த ஒரு நாளில் இன்னொரு தடவை. மழைமானி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில். விதை முளைப்பு எப்போதும் சரி, ஆனால் திங்கட்கிழமைதான் தொடங்க வேண்டும். வியாழன், வெள்ளியில் தொடங்கினால் முளை விடும் நேரத்தில் பள்ளி பூட்டிக் கிடக்கும். திங்களன்று வந்து பார்த்தால் நாற்றம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

2. தாள் வேலையை முதலில் முடியுங்கள்

பொருள் வாங்கிய பிறகு ரசீதுக்கு அலைவதுதான் புதியவர்கள் அதிகம் படும் பாடு. வரிசை இது:

தேவைப்படும் பொருள்களை ஒரு பக்கத்தில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் "அறிவியல் கற்றல் பொருள் வாங்குதல்" என்று ஒரு வரித் தீர்மானம் போட்டுவிடச் சொல்லுங்கள். அதன்பின் வாங்குங்கள். பில் பள்ளியின் பெயரில், தேதியோடு இருக்கட்டும். உங்கள் பெயரில் எழுதிய துண்டுச்சீட்டு தணிக்கையில் நிற்காது. கோலிக்குண்டு, அகன்ற பாத்திரம் போல நின்று பயன்படுவது இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். பஞ்சு, மஞ்சள்தூள் போலத் தீர்ந்துபோவதைத் தனிப் பக்கத்தில் எழுதி, தீர்ந்த தேதியையும் குறியுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்? சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை ரூ. 10,000, 100 பேர் வரை ரூ. 25,000, 250 பேர் வரை ரூ. 50,000 என்பது விதி. தொகை பெரிதாகத் தெரிந்தாலும் சுண்ணாம்புக்கட்டி, பழுதுபார்ப்பு என எல்லாவற்றுக்கும் அதுதான். அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். பணம் வந்து சேரும் மாதமும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆகவே பட்டியலை எழுநூறு ரூபாய்க்குள் வைத்தால் தலைமையாசிரியருக்கும் சம்மதிக்க எளிது.

இன்னொரு தாள் பெற்றோருக்கானது. எந்தப் பொருளைத் தொட்டால் எந்தக் குழந்தைக்கு ஒவ்வாமை வரும் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டு எழுதி வையுங்கள். பள்ளிக்கு வெளியே, அது தெருக்கோடிக் குளமாகவே இருந்தாலும், அழைத்துப் போகப் பெற்றோர் கையெழுத்தும் தலைமையாசிரியரின் எழுத்து ஒப்புதலும் வேண்டும்.

3. பெட்டியில் என்ன இருக்க வேண்டும்

நான்கு பேர் கொண்ட ஐந்து குழுவுக்கான கணக்கு இது. விலை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

அலுமினியத் தாள் ஒரு சுருள், சுமார் ரூ. 100. மருந்துக்கடைப் பஞ்சு 100 கிராம், ரூ. 60 முதல் 80. ஒரே அளவுள்ள கோலிக்குண்டு எழுபத்தைந்து, ரூ. 120. பென்டார்ச் செல் பத்து, ரூ. 150. சிவப்பு எல்.இ.டி. இருபது, ரூ. 60. ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ஐந்து, ரூ. 50. பச்சைப்பயறு கால் கிலோ, மஞ்சள்தூள் ஒரு சிறு பொட்டலம், சலவை சோப்பு ஒரு கட்டி. சிரிஞ்ச் மருந்துக்கடையில் புதிதாக வாங்கியதாக மட்டுமே இருக்க வேண்டும். மருத்துவமனையில் பயன்படுத்தியதைக் கழுவிக் கொண்டுவரும் பழக்கத்தை அறவே விடுங்கள்.

காசில்லாமல் கிடைப்பவை: ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டில்கள், நூல், குச்சி, பழைய நாளிதழ். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியில் 2.5, 5, 10 மி.லி. கோடுகள் இருக்கும். 3ஆம் வகுப்புக் குழந்தைக்கு அளவு சொல்லித்தர அதைவிட நல்ல கருவி கிடையாது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் டம்ளர் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. பாட்டிலின் அடிப்பாதியை வெட்டி, விளிம்பில் ஒட்டுநாடா சுற்றிக்கொண்டால் டம்ளர் ஆயிற்று. வெட்டும் வேலை உங்களுடையது, குழந்தைகளுடையது அல்ல. சத்துணவுத் தட்டையும் டம்ளரையும் சோப்புக்கும் மஞ்சளுக்கும் எடுக்கவே கூடாது.

4. முந்தின நாள் ஒருமுறை செய்து பாருங்கள்

வகுப்பில் கொடுக்கப்போகும் அதே பொருளை வைத்து, அதே தண்ணீரில், முந்தின நாள் மாலை செய்து பாருங்கள். வேறு கடையில் வாங்கிய மஞ்சள், வேறு சோப்பு என்றால் முடிவும் மாறும். அரைமணி நேர வேலைதான். இதைத் தவறவிட்டால் வகுப்பில் முப்பது கண்கள் பார்க்க, நடக்காத ஒன்றை "நடந்திருக்க வேண்டும்" என்று சொல்லும் நிலை வரும். அந்த ஒரு வாக்கியம், கண்ணால் பார்ப்பதை நம்பாதே என்று குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துவிடும்.

5. எண்பது நிமிடத்தைப் பிரிக்கும் விதம்

கேள்விக்கு 5 நிமிடம், ஊகத்துக்கு 10, பொருள் கொடுக்க 5, செய்ய 25, துடைத்து எடுத்து வைக்க 10, பேச 20, எழுத 5.

இதில் ஊகத்துக்கான 10 நிமிடத்தை மட்டும் எதற்காகவும் குறைக்காதீர்கள். என்ன நடக்கும் என்று முதலில் ஒரு பக்கம் சேர்ந்து நின்ற குழந்தைதான் முடிவைப் பார்த்துத் திகைக்கும். ஊகிக்காத குழந்தைக்கு எது நடந்தாலும் ஒன்றுதான்.

"மிதக்கும் என்பவர் கதவுப் பக்கம், மூழ்கும் என்பவர் பலகைப் பக்கம்" என்று எழுந்து நிற்கச் சொல்லுங்கள். இங்கே ஒரு சிக்கல் வரும். கெட்டிக்காரப் பிள்ளை எந்தப் பக்கம் போகிறதோ, மொத்த வகுப்பும் அந்தப் பக்கம் போகும். அதனால் முதலில் பேசாமல் நோட்டில் ஒரு சொல் எழுத வைத்து, பிறகு நகரச் சொல்லுங்கள். எண்ணிக்கையைப் பலகையில் எழுதுங்கள். உங்கள் முகத்தில் விடை தெரியக் கூடாது. சரியான பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினால் எல்லாம் வீணாகும்.

குழுவில் ஒருவர் பொருள் வாங்க, ஒருவர் அளக்க, ஒருவர் செய்ய, ஒருவர் எழுத. அடுத்த முறை வேலை மாற வேண்டும். மாற்றாவிட்டால் ஆண் பிள்ளைகள் செய்ய, பெண் பிள்ளைகள் எழுத என்று இரண்டே வாரத்தில் படிந்துவிடும். யாருக்கு எந்த வேலை என்பதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

நோட்டில் நான்கு கட்டம்: நான் நினைத்தது, செய்தது, பார்த்தது, ஏன். முதல் கட்டத்தில் எழுதியது தப்பாகப் போனால் அழிக்க விடாதீர்கள். சிவப்பு மையால் அடிக்கவும் வேண்டாம்.

6. தொடங்குவதற்கு ஐந்து சோதனைகள்

விதை முளைக்க என்ன வேண்டும்? நான்கு டம்ளர், ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப்பயறு, ஊற வைக்காதது. முதலாவதில் உலர்ந்த பஞ்சு. இரண்டாவதில் 30 மி.லி. நீர் விட்ட பஞ்சு, வெளிச்சத்தில். மூன்றாவது அதே போல, ஆனால் கறுப்புத் தாள் சுற்றி அலமாரிக்குள். நான்காவதில் கொதிக்க வைத்து ஆறிய நீர் விளிம்பு வரை, மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெய். திங்கள் மாலை வைத்தால் புதன் காலை பார்க்கலாம்.

நான்காவதுதான் பலருக்குச் சொதப்பும். குழாய்த் தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றினால் அதில் கரைந்திருக்கும் காற்றை வைத்தே பயறு முளை விட்டுவிடும். "காற்று வேண்டும்" என்று நீங்கள் சொல்ல வந்தது பொய்யாகிப்போகும். கொதிக்க வைத்தால் கரைந்த காற்று வெளியேறும். எண்ணெய் புதிய காற்றைத் தடுக்கும். அப்படியும் தோல் வெடித்து வெள்ளை நுனி தெரியலாம், அதற்கு மேல் வளராது.

பஞ்சு மருந்துக்கடையில் வாங்கியதாக இருக்கட்டும். தலையணை இலவம் பஞ்சு மெழுகுத் தன்மையுள்ளது, நீரை ஏற்காது. கடையில் 'பாசிப்பருப்பு' என்று உடைத்த பருப்பை வாங்கிவிடாதீர்கள், அது முளைக்காது. ஆனால் ஐந்தாவது டம்ளராக வேண்டுமென்றே அதை வைப்பது நல்ல யோசனை.

அலமாரிக்குள் இருந்ததும் முளைத்திருக்கும். "விதைக்கு வெயில் வேண்டும்" என்ற பக்கம் நின்ற பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், போடட்டும். இதை வெள்ளி வரை நீட்டினால் இன்னொரு சிக்கல் எழும். இருட்டில் இருந்தது வெளிச்சத்தில் இருந்ததைவிட உயரமாக நிற்கும். "இருட்டில்தான் நன்றாக வளருது" என்பார்கள். உடனே மறுக்காதீர்கள். நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், தண்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிறி, துவண்டு இருக்கும். விதைக்குள் இருந்த சோற்றைத் தின்று, வெளிச்சத்தைத் தேடி நீண்டிருக்கிறது. முளைப்பது வேறு, வளர்வது வேறு என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

படகும் உருண்டையும். ஒவ்வொரு குழுவுக்கும் 10 செ.மீ. சதுர அலுமினியத் தாள் இரண்டு, கோலிக்குண்டு பதினைந்து, 10 செ.மீ. ஆழத்துக்கு நீர் நிரப்பிய அகன்ற பாத்திரம். ஒரு தாளை நான்கு பக்கமும் 2 செ.மீ. மடித்துப் படகாக்கட்டும். கிழியாமல் மூலையை மடிப்பது கடினம், பலகைத் துடைப்பானை உள்ளே வைத்து மடித்தால் எளிது. இன்னொன்றை 'உருண்டை' ஆக்கி மூழ்கடிக்க வேண்டும். கசக்கி உருட்டினால் அது மிதக்கும், உள்ளே காற்று மாட்டியிருக்கும். புதியவர்கள் கை பிசைந்து நிற்கும் இடம் இது. தாளை ஆறு முறை மடித்து, கல்லால் தட்டி, நீருக்குள் அழுத்தி விட்டால் மூழ்கும். உருண்டை ஏன் மிதந்தது என்பதே பாடத்தின் நல்ல பாதி என்பதால், முதலில் கசக்கிய உருண்டையையே போட விடுங்கள்.

படகு எத்தனை கோலி தாங்கும்? கணக்குப்படி பதினான்கு வரை போகலாம். ஆனால் கோலி ஒரு பக்கம் உருண்டு, எட்டிலோ பத்திலோ கவிழும். நாணயம் வைக்காதீர்கள், ஒரே மதிப்பிலேயே பழையதும் புதியதும் எடை வேறு.

நிழல் குச்சி. 30 செ.மீ. குச்சியை மைதானத்தில் நடுங்கள். கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். 10 மணி முதல் மணிக்கு ஒரு தடவையும், 11:40 முதல் 12:40 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையும் நிழல் நுனியில் கூழாங்கல் வையுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மூன்று தடவை சொல்லுங்கள்.

இரண்டு பொறி இருக்கிறது. "நண்பகல் 12 மணிக்கு நிழல் மிகச் சிறியது" என்று சொல்லிவிட்டு அளந்தால் பொய்யாகும். நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கானது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஜூலை நடுவில் சென்னையில் 12:15 வாக்கிலும், கோவையில் 12:28 வாக்கிலும்தான் நிழல் மிகக் குறுகும். இரண்டாவது பொறி இன்னும் பெரியது. நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று மனப்பாடமாக வைத்திருப்போம். ஜூலையில் தமிழ்நாட்டில் அது தெற்கே விழும், சூரியன் நமக்கு வடக்கே போயிருப்பதால். சென்னைப் பக்கம் அந்த மாதத்தில் 30 செ.மீ. குச்சிக்கு நான்கைந்து செ.மீ. நிழல் தெற்கே. அதே குச்சி டிசம்பர் இறுதியில் 22 செ.மீ. நிழலை வடக்கே போடும். இரண்டையும் ஒரே இடத்தில் அளந்து தரையில் பெயின்ட்டால் குறித்து வைத்தால், பருவ காலம் என்ற பாடத்துக்கு வேறு படம் தேவைப்படாது.

மஞ்சள் தாள். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை நான்கு தேக்கரண்டி நீரில் குழைத்து, வழவழப்பில்லாத தாளில் தடவி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி விரலகலத் துண்டுகளாக வெட்டுங்கள். சலவை சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டால் சிவக்கும். அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆரத்தி ஏன் சிவப்பு என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். ஆனால் சுண்ணாம்பைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும்.

ஷாம்புவும் பாத்திரம் கழுவும் திரவமும் பெரும்பாலும் நிறம் மாற்றாது, அவற்றில் காரம் இல்லை. அமிலத்தையும் வெறும் நீரையும் மஞ்சள் பிரித்துக் காட்டாது, இரண்டிலும் மஞ்சளாகவே இருக்கும். அதற்குச் சங்குப்பூ வேண்டும். பத்து நீலப் பூவை 100 மி.லி. சுடுநீரில் பத்து நிமிடம் போட்டு வடிகட்டினால் நீல நீர். எலுமிச்சைக்கு ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும், சமையல் சோடாவுக்குப் பச்சை நோக்கிப் போகும். சீருடையில் மஞ்சள் பட்டால் வீட்டில் சோப்புப் போட்டதும் சிவந்து பயமுறுத்தும். வெயிலில் உலர்த்தினால் மங்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

மழைமானி. பக்கம் நேராக உள்ள இரண்டு லிட்டர் பாட்டில். இடுப்பு ஒடுங்கியது உதவாது. தோள் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல்பாதியைக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் அங்கிருந்து அளந்தால் தப்பாகும். கூழாங்கல் போட்டு, நேர்ப் பக்கம் தொடங்கும் வரை நீர் ஊற்றி அதையே பூச்சியமாகக் குறியுங்கள். கல் பாட்டிலைச் சாயாமலும் வைத்திருக்கும். அங்கிருந்து அளவுகோலை ஒட்டி மில்லிமீட்டரில் படிக்கலாம்.

மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைக்காதீர்கள். தினமும் வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் ஒரே நேரத்தில் படியுங்கள். வானிலை ஆய்வு மையம் காலை 8:30 மணிக்கு அளப்பதால் செய்தியில் வரும் அளவோடு ஒப்பிடவும் முடியும். படித்ததும் பூச்சியக் கோடு வரை நீரைக் கொட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை முழுக்கக் கொட்டிப் புது நீர் விடாவிட்டால் கொசுப்புழு வரும். 5ஆம் வகுப்புக்கு ஒரு கணக்கு: ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். பள்ளி மொட்டைமாடியில் நேற்று எத்தனை குடம் விழுந்தது என்று அவர்கள் அளந்து சொல்லட்டும்.

7. செய்யக் கூடாதவை

எரியும் மெழுகுவத்தியை நீரில் நிறுத்தி டம்ளரைக் கவிழ்த்து, "ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் தீர்ந்ததால் நீர் ஏறியது" என்று காட்டுவதைத் தயவுசெய்து விடுங்கள். ஆக்ஸிஜன் முழுதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். சூடான காற்று குளிர்ந்து சுருங்குவதால்தான் பெரும்பாலும் நீர் ஏறுகிறது. காற்று இடத்தை அடைக்கும் என்று காட்டவேண்டுமானால் டம்ளரின் அடியில் தாளைக் கசக்கி இறுக்கி, நேராகக் கவிழ்த்து வாளி நீரில் அமுக்கினாலே போதும். தாள் நனையாது.

சுவர் மின்சாரத்தில் எதுவும் வேண்டாம். எல்.இ.டி. ஒரு செல்லில் எரியாது. அதைப் பார்த்துப் பலர் பல்பு கெட்டுவிட்டது என்று எறிகிறார்கள். 1.5 வோல்ட் போதாததுதான் காரணம். இரண்டு செல்லை வரிசையாக வைத்து, நீளக் காலை நேர்மின் பக்கம் தொட வேண்டும். சில நொடிக்கு மேல் வைக்காதீர்கள். 9 வோல்ட் பாட்டரியை நேரடியாக வைத்தால் எல்.இ.டி. கருகிவிடும். பட்டன் செல் வகுப்புக்குள்ளேயே வரக் கூடாது. விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும், உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஆபத்து அது.

8. மூன்று வகுப்பு ஒரே அறையில் இருந்தால்

சோதனை ஒன்றே. குழுவில் மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் கலந்து விடுங்கள். 3ஆம் வகுப்பு பார்த்ததை வரையும், 4ஆம் வகுப்பு அளந்து எழுதும், 5ஆம் வகுப்பு 'ஏன்' கட்டத்தை நிரப்பும். பாடக்குறிப்பேட்டில் மட்டும் மூன்று வகுப்புக்கும் கற்றல் விளைவைத் தனித்தனியாக எழுதுங்கள், பார்வைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

9. புரிந்ததா என்று பார்ப்பது

செய்ததையே திருப்பிக் கேட்காதீர்கள், மனப்பாடமாக வந்துவிடும். ஒரு பொருளை மாற்றிக் கேளுங்கள். "பயறுக்குப் பதில் உளுந்தை அலமாரிக்குள் வைத்தால்?" "கோலியைப் படகில் போட்ட பிறகு படகின் ஓரத்தை உயர்த்தினால்?" விடையோடு காரணமும் சொல்லவேண்டும். பேச்சு மொழியிலேயே சொல்லட்டும். "காத்து மாட்டிக்கிச்சு" என்ற பதில் முழு மதிப்பெண்ணுக்குத் தகும். 'அடர்த்தி' என்ற சொல் பிறகு வரட்டும்.

10. பெட்டியை மூடும்போது

செல்லைப் பெட்டியிலேயே தனியாக, எல்.இ.டி.யோடும் அலுமினியத் தாளோடும் சேராமல் வையுங்கள். விடுமுறைக்கு முன் வெளியே எடுத்துவிடுங்கள், கசிந்து மற்றதைக் கெடுக்கும். மீந்த மஞ்சள் தாளை மூடிய டப்பாவில் இருட்டில் வைத்தால் அடுத்த பருவத்துக்கும் ஆகும். பயறை வைத்துவிட்டுப் போனால் வண்டு விழும், சத்துணவுக் கூடத்துக்கும் கொடுக்காதீர்கள், பள்ளித் தோட்டத்தில் விதைத்துவிடுங்கள். கோலியை எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று குறையும், பதிவேட்டில் அதையும் எழுதுங்கள்.